முப்பத்தொரு கிலோ

ஜூன் 8, ஞாயிறு

நாளைக்கு இவர் மறுபடி காற்றாலைக் கோபுரம் ஏறப் போகிறார். எட்டு மாதமாக ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், காலையிலிருந்து பூட்ஸைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். அதற்கு வாயிருந்தால் போதும் விடுங்கள் என்று சொல்லியிருக்கும். நானும் என் பங்குக்குச் சேமியா பாயசம் வைத்தேன். முந்திரி இல்லை, திராட்சை மட்டும்தான்.

புத்தாண்டில் ஆரம்பித்துப் பொங்கலோடு விட்ட டைரி இது. இன்று எடுத்ததற்குக் காரணம் சந்தோஷம். போன அக்டோபரில், பல்லடம் பக்கத்துக் காற்றாலை ஒன்றின் உச்சியில் இரும்பு மூடி காற்றுக்குச் சாத்திக்கொண்டதில் இவருடைய வலது மணிக்கட்டு நசுங்கிப்போனது. தகடு வைத்துத் தைத்தார்கள். கம்பெனி வேலையை விட்டு அனுப்பவில்லை, ஸ்டோரில் உட்கார வைத்தது. தெரு முழுக்க நின்று நின்று பேசிக்கொண்டு போகிற மனிதர், ஸ்டோருக்குப் போனதிலிருந்து குழம்பில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மணிக்கட்டு கூடிவிடும், இது எப்படிக் கூடும் என்று.

ஏணி ஏறுகிறவருக்கு ஒவ்வொரு கையிலும் குறைந்தது முப்பது கிலோ பிடி வேண்டும் என்பது அவர்கள் கம்பெனி விதி. இரண்டு வாரம் முன்பு கோவை ஆஸ்பத்திரியில் கைப்பிடி மீட்டரை அழுத்திப் பிடித்துப் பார்த்தபோது வலது கை முப்பத்தொன்று காட்டியதாம். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்றைக்கு நான் கேட்ட முதல் கேள்வி, அந்த மீட்டரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்பது. என் பிழைப்பு அப்படி. விசையை அளக்கிற கருவிகள் உண்மையைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்கும் லேபில் பதினாறு வருடமாக இருக்கிறேன்.

“பாஸாயிட்டேன்னு சொல்றேன், நீ மீட்டரப் பத்திக் கேக்கறயே அம்மிணி” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

முப்பதுக்கு முப்பத்தொன்று. ஒரே ஒரு கிலோதான் மிச்சம். இருந்தாலும் மிச்சம் மிச்சம்தானே.

ஜூன் 9, திங்கள்

சாயங்காலம் கிரீஸ் வாசனையோடு வந்தார். அந்த வாசனைக்கு இவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது.

சாப்பிடும்போது காற்றைப் பற்றியே பேச்சு. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று கிளம்பிவிட்டதாம், இனி ஆவணி வரை ஓய்வில்லையாம். கூட ஏறுகிற அய்யாவு அண்ணன் உச்சிக்குப் போனதும் சாமி கும்பிட்டாராம். இவர் இல்லாத எட்டு மாதமும் அவருக்கு வாய்த்த ஆளெல்லாம் ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஏறுகிற ஆளாம்.

“ரசத்துல உப்புக் கம்மி” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 11, புதன்

விடிகாலையில் குழாயில் தண்ணீர் வந்தது. ஒன்பது நாள் கழித்து வருகிறது. தொட்டி, டிரம், குடம், கடைசியில் பிரியாணி அண்டா வரை பிடித்து வைத்தேன்.

லேபில் ஒரு நூல் மில்லிலிருந்து நூல் இழுத்து அறுக்கும் மெஷினின் சென்சார்கள், வார்ப்படக் கம்பெனி ஒன்றின் எடையை உணரும் லோட் செல், ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கைப்பிடி மீட்டர். எல்லாவற்றையும் பிரித்து ஏசி அறையில் வைத்தேன். அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் தொடுவோம்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுத வேண்டியதில்லை. கோவையில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்.

ஜூன் 12, வியாழன்

எங்கள் வேலை பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணம். மீட்டரை இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கவ்வ வேண்டும். கைப்பிடியில் பட்டையை மாட்டி எடைக்கற்களைத் தொங்கவிட வேண்டும். தொங்குவது எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். மீட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

ஒரே ஒரு விதியைத்தான் புதிதாகச் சேர்கிறவர்களிடம் தலையில் குட்டாத குறையாகச் சொல்வேன். வந்த கருவியில் எதையும் தொடாதே. துடைக்காதே, முடுக்காதே, சரிசெய்யாதே. வந்த நிலையில் என்ன காட்டுகிறதோ அதை முதலில் எடு. அதை எடுக்காமல் சரிசெய்துவிட்டால், இத்தனை நாள் அது எவ்வளவு பொய் சொன்னது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கை பழகியவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். கோணலாக எதைப் பார்த்தாலும் கை தன்னால் நிமிர்த்திவிடும்.

இன்று காலை அந்தக் கைப்பிடி மீட்டரில் இருபது கிலோ தொங்கவிட்டேன். இருபத்திரண்டு புள்ளி ஆறு. முப்பது தொங்கவிட்டேன். முப்பத்து மூன்று புள்ளி ஒன்பது. கல்லை இறக்கி, பட்டையைக் கழற்றி மாட்டி, மறுபடி. அதே. மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் மூன்றாம் முறை. அதே. நூற்றுக்குப் பதின்மூன்று கூட.

அப்புறம்தான் பார்த்தேன், கைப்பிடி தலைகீழாக மாட்டியிருக்கிறது. வளைவு உள்பக்கம் இருக்க வேண்டும், வெளிப்பக்கம் இருக்கிறது. விசை சென்சாரின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுகிறது, அதனால் கூடக் காட்டுகிறது. முதலிலேயே கண்ணில் பட்டிருந்தால் கை தன்னால் போய்த் திருப்பியிருக்கும். வந்த நிலை அளவு போயிருக்கும். பதினாறு வருடத்தில் செய்யாத தப்பு. இன்றைக்குப் பார்த்து அதைச் செய்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

மனக்கணக்குப் போடக்கூடாது என்று நினைத்தேன். போட்டுவிட்டேன். மீட்டர் முப்பத்தொன்று காட்டினால் உண்மையில் இருபத்தேழு புள்ளி நான்கு.

அதே ஆஸ்பத்திரிதான். இவர் பிடித்தது இதைத்தான்.

ஜூன் 13, வெள்ளி

வந்த நிலை அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, கைப்பிடியைக் கழற்றிச் சரியாக மாட்டி மறுபடி எடுத்தேன். முப்பதுக்கு முப்பது புள்ளி ஒன்று. இப்போது அதைப் போல யோக்கியமான மீட்டர் ஊரில் கிடையாது.

எங்கள் தலைமைப் பொறுப்பாளர் ஜெபராஜ் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நாகர்கோவில்காரர், கோபமே வராது, வந்தாலும் டீ வாங்கிக் கொடுத்துத்தான் திட்டுவார். தாளைப் பார்த்துவிட்டு, “எப்ப இருந்து இப்பிடி மாட்டியிருக்குன்னு தெரியணும்லா?” என்று ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டார். அங்கே பிசியோதெரபி பகுதியிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“பெட்டிக்குள்ள அடங்கலைன்னு கைப்பிடியக் கழட்டித் திருப்பி மாட்டினோம்னு நினைக்கிறேன் சார். இங்க இருக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு.”

ஃபோனை வைத்துவிட்டு சார் சொன்னார். “அப்ப பேக்கிங்லதான் மாறியிருக்கு. வந்த நிலை அளவப் போட்டு, பேக்கிங்கில் மாறியிருக்கலாம்னு ஒரு வரி எழுதிரு. அவங்க நோயாளிங்க யாரையும் திருப்பிக் கூப்பிட வேண்டியதில்ல.”

அப்படி எழுதினால் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தலைவலி இல்லை, எங்களுக்கும் இல்லை. இவர் கோபுரத்திலேயே இருப்பார். அந்தப் பெண் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் இவர் பிடித்தது நிஜமாகவே முப்பத்தொன்று, நான் வீணாகப் பயப்படுகிறேன்.

பேக்கிங்கில் மாறியதா, முன்னாலேயேவா? இருபத்தேழு கிலோ பிடியோடு ஒரு மனிதர் எண்பது மீட்டர் ஏணியில் இருக்கிறாரா, முப்பத்தொன்றோடு இருக்கிறாரா? இதுதான் கேள்வி. சாரிடம், திங்கட்கிழமை முடித்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். இவரைப் பற்றிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து புது ஊறுகாய் பாட்டிலை நீட்டினேன். இடது கையில் மூடியைப் பிடித்து, வலது கையால் பாட்டிலை வயிற்றோடு அணைத்துத் திறந்தார். எல்லோரும் அப்படித்தான் திறக்கிறார்களோ என்னவோ.

ஜூன் 14, சனி

பழைய போர்வை மூன்றையும் ஊறவைத்தேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது. இருந்தாலும் ஊறவைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

போர்வை துவைத்தேன். பிழிய இவரைக் கூப்பிட்டேன். வழக்கமாக ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்குவோம். இன்று இவர் தன் முனையைக் குழாயில் சுற்றிக் கட்டிவிட்டு, என் முனையை வாங்கி இடது கையால் முறுக்கினார். வலது கை சும்மா போர்வையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, கை வலிக்குதுங்களா?”

“வலியெல்லாம் இல்ல.” கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எதாச்சும் சொல்லோணுமா அம்மிணி?”

“ஒண்ணுமில்லீங்க. மழ வந்துரும்னு பாத்தேன்.”

மழை வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. சும்மா எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் கறி எடுத்து வந்தார். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். இப்படிச் சாப்பிட்டுத் தூங்குகிற மனிதரை எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறேன். அவரை எழுப்பி என்னவென்று சொல்வது? உங்கள் சந்தோஷம் நூற்றுக்குப் பதின்மூன்று கூடக் காட்டுகிறது என்றா? அப்படி ஒன்று தோன்றியதும் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

கோபுரத்துக்குள் ஏணியோடு ஒரு பாதுகாப்புக் கம்பி இருக்கிறது. இடுப்புப் பட்டையை அதில் மாட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். கை விட்டாலும் கம்பி விடாது. நேற்றிலிருந்து இதை நிறைய தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

சரியான காற்று. லேப் வாசலில் தகரப் பலகை பறந்து போய் ஒருவருடைய ஸ்கூட்டர்மேல் விழுந்தது. மீட்டர் வேலையை முடிக்கவில்லை. நூல் மெஷின் சென்சார்களை எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

இவர் வருகிற நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஃபோன் எடுக்கவில்லை. அய்யாவு அண்ணனும் எடுக்கவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பைக் சத்தம் கேட்டது.

“ஒரு மெசினு நின்னு போச்சு” என்றார். அதற்குமேல் பேசவில்லை. ரசத்தில் உப்பே போடவில்லை என்பது நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போயிருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் போனதும் ஜெபராஜ் சார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இந்த மீட்டரில்தான் பிடித்தார், முப்பத்தொன்று வந்தது, கோபுரம் ஏறுகிறார். மூன்றே வாக்கியம். இதைச் சொல்ல எனக்கு ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

சார் கண்ணாடியைக் கழற்றினார். “இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்லாம்மா. சொந்தக்காரங்க சம்பந்தப்பட்ட கருவியில நாம கை வைக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா.”

“தெரியுங்க சார்.”

“அளவு தப்பா எடுத்திருக்க மாட்ட. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் முதல்ல இருந்து எடுக்கேன். கைப்பிடிய மறுபடி தலைகீழா மாட்டி, நானே கல்லத் தொங்க விட்டுப் பாக்கேன். சர்டிபிகேட்ல என் கையெழுத்து.”

டீ வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் யோசனையில் இருந்தார்.

“அவருக்கு ரெண்டு கைக்கும் பாத்திருப்பாங்கல்லா? அடிபடாத கை எவ்வளவு காட்டுச்சுன்னு கேளு. முன்னால வேற எங்கயாவது பிசியோ பாத்தாரா?”

சூலூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து கிளினிக்கில் ஆறு மாதம் பார்த்தார் என்றேன். அங்கேயும் மாதாமாதம் பிடிக்க வைப்பார்கள்.

“பின்ன என்ன. அடிபடாத கை ஒரு எடைக்கல்லு மாதிரிதான். ரெண்டு இடத்துலயும் ஒரே அளவு காட்டியிருந்தா, மீட்டர் அன்னைக்குச் சரியா இருந்திருக்கு, பேக்கிங்லதான் மாறியிருக்கு. இங்க மட்டும் கூடக் காட்டியிருந்தா, அன்னைக்கே தலைகீழாத்தான் இருந்திருக்கு. ஆஸ்பத்திரிக்காரங்கள அவங்க பதிவுல பாக்கச் சொல்லலாம்.”

எனக்கு இது தோன்றவே இல்லை. தோன்றாமல் இருந்ததா, தோன்ற விடவில்லையா என்று தெரியவில்லை.

இன்றைக்கே கேட்டுவிடுவது என்றுதான் வந்தேன். தக்காளி சாதம் செய்தேன், அப்பளம் பொரித்தேன், துணி மடித்தேன். கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

கேட்டுவிட்டேன்.

வாசலில் உட்கார்ந்து பைக் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் படியில் உட்கார்ந்தேன்.

“ஏனுங்க, அன்னைக்கு ஆஸ்பத்திரியில இடது கை எவ்வளவு காட்டுச்சுங்க?”

நிமிரவில்லை. “அம்பத்தொண்ணு.”

“சூலூர் கிளினிக்குல?”

“எப்பப் பாத்தாலும் நாப்பத்தஞ்சு. ஒண்ணு முன்னப் பின்ன.”

கணக்குப் போட அவசியமே இல்லை. நாற்பத்தைந்தோடு நூற்றுக்குப் பதின்மூன்றைச் சேர்த்தால் ஐம்பத்தொன்று. மீட்டர் அன்றைக்கே தலைகீழாகத்தான் இருந்திருக்கிறது. வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவர் எண்ணெய்க் குப்பியை மூடிக் கீழே வைத்தார்.

“மீட்டரு வந்துருச்சா?” என்றார்.

“எந்த மீட்டருங்க?” என்று நான் கேட்டேன். என்னைப் போல முட்டாள் இருக்க முடியாது.

“உன்ற பேரு ஒட்டியிருந்துச்சே, அந்த மீட்டருதான். பின்னால ஸ்டிக்கர்ல ஜூன் வரைக்கும்னு போட்டுக் கீழ கோகிலவாணின்னு கையெழுத்து. இடது கை அம்பத்தொண்ணு காட்டுனப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது கூடக் காட்டுதுன்னு. நாப்பத்தஞ்சு கையி ஒரே நாள்ல அம்பத்தொண்ணு ஆயிருமா?”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“வாய் வரல அம்மிணி. எட்டு மாசமா அந்த ஸ்டோருல உக்காந்து பாரு, தெரியும். வலது கை முப்பத்தொண்ணுன்னு அந்தப் பொண்ணு எழுதுச்சு. இல்லீங்க, உங்க மெசினு தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஸ்டிக்கரப் பாத்தேன். சரி, எப்படியும் ஜூன்ல இது உன்ற மேசைக்கு வரும், நீ கண்டுபுடிச்சுச் சொல்லிருவ, அதுவரைக்கும் ஏறிக்கலாம்னு இருந்துட்டேன்.”

வெங்காயத் தோலைக் கூட்டி ஓரமாகத் தள்ளினேன்.

“எப்ப வந்துச்சு?”

“போன பொதங்கெழம.”

“ஒரு வாரமாச்சு.” குரல் உயரவே இல்லை. “போர்வ பிழியக் கூப்புட்டயல்ல, அப்பவே நெனச்சேன், வந்துருச்சுன்னு. சொல்லுவயின்னு உன்ற மூஞ்சியப் பாத்துட்டே இருந்தேன். நீ மழ வருதுன்னுட்ட. அப்ப மெசினு சரியாத்தான் இருந்துருக்குது, என்ற மனசுலதான் பயம்னு நெனச்சு, அடுத்த நாளு தைரியமா ஏறுனேன்.”

“திங்கக்கெழமயா?”

“பாதி ஏணியில கை விட்டுருச்சு. கம்பி புடிச்சு நிறுத்திருச்சு. மேல இருந்து அய்யாவு எறங்கி வந்து, என்னயப் படிப் படியாக் கூட்டிட்டு எறங்குனான். யாருகிட்டயும் சொல்லாதன்னு அவன்கிட்டக் கேட்டுக்கிட்டேன்.”

என் கையில் இருந்தது பாதி உரித்த வெங்காயம். கண்ணீருக்கு அதைச் சாக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வேண்டாம். நான் அழுதேன். நான் வாயைத் திறக்காததை அவர் சான்றிதழாக எடுத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஸ்டோருக்கு அனுப்பி அவர் மனசை உடைக்கக்கூடாது என்று நான் சும்மா இருந்தேன். அவர் கம்பியில் தொங்கியிருக்கிறார்.

“வெசனப்படாத. நானும் சொல்லலதான, நீயும் சொல்லலதான” என்றார். எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, மிச்ச வெங்காயத்தை அவர் உரித்தார்.

ஜூன் 19, வியாழன்

காலையில் ஷிப்ட் இன்ஜினியருக்கு அவரே ஃபோன் செய்தார். நான் பக்கத்தில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். கை சரியில்லை, மறுபடி பரிசோதனை முடிகிறவரை ஏற மாட்டேன் என்றார். திங்கட்கிழமை நடந்ததையும் சொன்னார். அந்தப் பக்கம் நிறைய நேரம் பேசினார்கள். இவர் “செரிங்க, செரிங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பூட்ஸை எடுத்துப் பரணில் வைத்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு ஸ்டோருக்குக் கிளம்பினார்.

நான் போய் ஜெபராஜ் சாரிடம் ஐம்பத்தொன்றையும் நாற்பத்தைந்தையும் சொன்னேன். அவர் எடுத்த அளவுகளும் என்னுடையதும் ஒன்றுதான். பேக்கிங் என்கிற வரி வேண்டாம் என்று அடித்துவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

சான்றிதழ் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். ஏப்ரலில் கைப்பிடியைக் கழற்றிக் கழுவிய நாளிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு கையுமே கூடக் காட்டியிருக்கிறது. எல்லோரையும் திரும்பக் கூப்பிடப் போகிறார்களாம். ஃபோனில் பேசிய பெண் ஜெபராஜ் சாரிடம், தான்தான் கழுவி மாட்டியது என்று சொல்லி அழுதாளாம். சார், “வளைவு எந்தப் பக்கம்னு அந்தக் கைப்பிடியில ஒரு அம்புக்குறிகூடப் போடல, நீ என்னம்மா செய்வ” என்றாராம்.

தண்ணீர் வரவில்லை. மாவு பொங்கி மேடை முழுக்க வழிந்தது.

ஜூன் 27, வெள்ளி

இவர் பேசுவது குறைந்துவிட்டது. ஆனால் போன தடவை மாதிரி இல்லை. சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே இருக்கிறார். நியூஸ் முடிகிறவரை வலது கையில். பந்து கீச் கீச் என்று கத்துகிறது. நான் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அய்யாவு அண்ணன் சப்போட்டா கொண்டுவந்து கொடுத்தார். வாசலோடு நின்றுகொண்டு என்னிடம், “அன்னிக்கு நீங்க ஃபோன் பண்ணுனத எடுக்கலைன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. எடுத்தா வாயில உண்மை வந்துரும்னுதான் எடுக்கல” என்றார். எத்தனை பேர்தான் இப்படி வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறோம்.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் மறு பரிசோதனை. அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். வெளிப் பெஞ்சில் இவரைப் போலக் கூப்பிடப்பட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தறி ஓட்டுகிற ஒரு அம்மாள் விரலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். எதற்குத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. “மெசினுல ஏதோ கோளாறாமா” என்று என்னிடம் சொன்னார். ஆமாம் என்றேன்.

என்னையும் உள்ளே விட்டார்கள். அதே பெண், பெயர் நிவேதா என்று சட்டையில் இருந்தது. மீட்டரைக் கையில் எடுத்ததும் கைப்பிடியின் வளைவை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். பின்னால் புது ஸ்டிக்கர், ஜெபராஜ் சார் கையெழுத்து.

இடது கை நாற்பத்தைந்து.

வலது கைக்கு மாற்றிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று முறை. இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு.

நிவேதா எழுதாமல் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தாள். அவள் எங்களுக்கு நல்லது செய்ய நினைத்தாள் என்பது தெரிந்தது. “அண்ணா, கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு இன்னொரு தடவ பிடிச்சுப் பாருங்க. சில சமயம் முப்பது வந்துரும்” என்றாள்.

இவர் மீட்டரைப் பக்குவமாக மேசைமேல் வைத்தார்.

“வேண்டாமுங்க. இது சரியாத்தான் காட்டுது.”

அவள் இருபத்தெட்டு என்று எழுதினாள். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, பசிக்குது, எங்கியாச்சும் சாப்பிடலாம் என்றார். சாப்பிட்டோம். சாம்பாரில் உப்பு அதிகம் என்று கடைக்காரரிடமே சொன்னார்.

மே மாதம் உண்மையில் இருபத்தேழு புள்ளி நான்கு இருந்த கை, இன்று இருபத்தெட்டு. கூடியிருக்கிறது என்று சொல்ல முடியாது, அந்த வித்தியாசம் மீட்டரின் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். லேபில் என்னிடம் யாராவது இதைக் கூடியதாக எழுதிக் கொண்டுவந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆனால் இங்கே கூடியிருக்கிறது என்றே எழுதுகிறேன். இது சான்றிதழ் இல்லை.